சத்தம் தங்கும் மூலை

நானூற்றுப் பன்னிரண்டு குவாச்சா ஐம்பது ங்வே. சக்கேயோ ஜெரே எனக்குத் தர வேண்டிய பணம் அது. நானூறு, என் முறைக்கு வந்த சீட்டுப் பணம். மீதிப் பன்னிரண்டரை, அந்தப் பெட்டியை எஞ்சினியர் வீட்டிலிருந்து ஏற்றி வந்த வண்டிக்கூலி. அன்றைக்கு அவன் சட்டைப்பையில் சில்லறைகூட இல்லாததால் அதையும் நானே கொடுத்தேன்.

பெட்டி என்றால் ஈக்வலைசர். தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் விற்றது. அதன் முகத்தில் பத்துக் குச்சிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் மேலே தள்ளலாம், கீழே இழுக்கலாம். இடது ஓரத்தில் இருப்பது வயிற்றில் இடிக்கிற சத்தத்துக்கு. வலது ஓரத்தில் இருப்பது கொசு மாதிரிச் சத்தத்துக்கு. மற்றவை எல்லாம் இடையில் இருக்கிற சத்தங்களுக்கு. ஜெரேயிடம் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு சுழலும் மேடை, ஆள் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் இருந்தன. இந்தப் பத்துக் குச்சிக்காகத்தான் என்னிடம் கடன் வாங்கினான்.

அவன் சுரங்கத்தில் ஆட்கள் நிற்கும் கூண்டை இறக்கி ஏற்றும் எந்திரத்தை ஓட்டுகிறவன். நான் கீழே பாறையில் துளை போடுகிறவன். இருபத்திரண்டு வருஷம் அவன் இறக்கினான், நான் இறங்கினேன். அவன் ன்கோனி, நான் பெம்பா. பாட்டன் காலத்தில் எங்கள் இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்களாம். இப்போது அது கேலி முறையாகிவிட்டது. அவன் என்ன சொன்னாலும் நான் கோபப்படக் கூடாது, நான் சொன்னால் அவனும் அப்படித்தான். எங்களைக் குரங்குதின்னி என்பார்கள், அவர்களை எலிதின்னி என்போம்.

"என்ன மச்சான், குரங்குக் கறி செரிச்சுதா?" என்று நான் கூண்டுக்கு வரும்போதே கேட்பான்.

"உன் வீட்டு எலி வால்தான் பல்லுல மாட்டிக்கிச்சு" என்பேன்.

அந்த வருஷம் ஜூலையில் அவனுக்கு வேலை முடிந்தது. சனிக்கிழமை பஸ்ஸில் குடும்பத்தோடு சிப்பாட்டா பக்கம் சொந்த ஊருக்குப் போகிறான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"ஓய்வுப் பணம் சிப்பாட்டா தபாலாபீசுக்குத்தான் வரும். மூணு மாசம் ஆகும்" என்றான். "அதுக்குள்ள நீ மூஃபுலிரா பூரா என்னைத் திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரிவே. உங்க ஆளுங்க செத்த வீட்டுலகூட அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. மொத்த செட்டையும் எடுத்துக்க. எங்க ஊர்ல கரண்டு கிடையாது. அங்க கொண்டுபோய் கோழி அடைக்கவா?"

மொத்த செட்டும் அவன் பட்ட கடனைப்போல மூன்று மடங்கு பெறும். ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு காரியம் இருந்தது. கையில் கொண்டு போயிருந்த இசைத்தட்டை நீட்டினேன்.

"இதைப் போடு, கேக்கலாம்."

அந்த இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாதா கோயில் பாட்டுக்குழு கிட்வேக்குப் போய்ப் பதிந்து வந்தது அது. முப்பது பேர் பாடினார்கள். என் மனைவி டொரிகாவும் அதில் ஒருத்தி. இரண்டாம் பக்கத்துப் பாட்டில் ஒரு இடம் உண்டு. ஆண்கள் எல்லோரும் வாயை மூடி அடித்தொண்டையில் ரீங்கரிப்பார்கள், டொரிகா ஒருத்திதான் வார்த்தையோடு நாலு வரி பாடுவாள். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதில்லை. வீட்டில் இருந்த சின்னப் பாட்டுப் பெட்டியில் போட்டால் ஏதோ தகரம் உரசுவதுபோல் இருக்கும். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முப்பது குரலும் ஒரே புகையாக வரும். துளை எந்திரத்தைத் தோளில் வைத்து இருபத்திரண்டு வருஷம் பிடித்தவனுடைய காதில் எந்நேரமும் சில்வண்டு கத்தும். அந்தக் கத்தலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

முதல்முறை அந்தத் தட்டைப் போட்ட அன்றைக்கு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "கேட்டுதா?" என்றாள். "கேட்டுது" என்று சொன்னேன். பிறகு எப்போது போட்டாலும் கேட்பாள். நானும் அதையே சொல்வேன். ஒன்பது வருஷமாக.

அன்று ஜெரே வீட்டில் தட்டு சுற்றியது. அவன் சோபாவில் நான் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் மூட்டைகள், பஸ்ஸில் ஏற்றக் கட்டி வைத்த மெத்தைகள், கம்பளி, ஆணியில் தொங்கும் கோட்டுகள். அந்த இடம் வந்தது. ஆண்கள் ரீங்கரித்தார்கள். அதற்கு நடுவில் ஏதோ ஒன்று அசைந்தது. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் அது ஒரு பெண். தாழ்ந்த குரல். திரைக்குப் பின்னால் ஆள் நடந்து போனதுபோல வந்து போய்விட்டது. என் கை மயிர் எழுந்து நின்றது.

"செட்டை எடுத்துக்கிறேன்" என்றேன். "ஒரு கண்டிஷன். உன் வீட்டுல கேக்கிற மாதிரியே என் வீட்டுலயும் கேக்கணும். இல்லேன்னா எனக்குப் பணம்தான் வேணும்."

"அட குரங்குதின்னி! ரெண்டு வீடும் கம்பெனி கட்டின வீடு. ஒரே அச்சு. உன் கக்கூஸ் எங்க இருக்குன்னு நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். என்ன வித்தியாசம் வந்துடப் போகுது?"

திங்கட்கிழமை காலையில் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த வாரம் எனக்குப் பிற்பகல் ஷிஃப்ட், அதனால் காலையில் வீட்டில் இருந்தேன். டொரிகா வாசலிலேயே நிறுத்தி ஸ்பீக்கரின் அடியைத் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டாள். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்தது. முகம் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் முட்டி போட்டுத் தேய்ப்பாள். தரையில் பாயோ சுவரில் துணியோ அவளுக்குப் பிடிக்காது. நாலு நாற்காலி, கண்ணாடி அலமாரி, ஒரு காலண்டர். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டில் சண்டை போடுவார்கள், அப்படிப்பட்ட வீடு.

ஸ்பீக்கர்களை இரண்டு மூலையிலும் ஒட்டி வைத்தோம். அலமாரி இடிபடாமல் அங்கேதான் வைக்க முடிந்தது. நாற்காலியைப் பின்சுவரில் சாத்தி உட்கார்ந்தேன். தட்டைப் போட்டான் ஜெரே.

எருமைக் கூட்டம் கிணற்றுக்குள் விழுந்து கத்துவதுபோல் இருந்தது. ஆண்களின் ரீங்காரம் நெஞ்சுக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கின. பெண்ணும் இல்லை, வார்த்தையும் இல்லை.

"ஏதோ வயரை மாத்திட்டே. நல்லதை உன் வீட்டுல வச்சுக்கிட்டு இதைத் தள்ளிட்டே" என்றேன்.

"உன் கண்ணு முன்னாலதானே கழட்டினேன்? உன் காதுல வாழைப்பழம் ஏதாவது அடைச்சிருக்கான்னு பாரு."

அவன் போன பிறகு, வலது பக்கத்துக் குச்சிகள் நாலையும் உச்சிக்குத் தள்ளினேன். அப்போது எனக்குக் கொஞ்சம் தெளிந்தமாதிரி இருந்தது. சமையலறையில் இருந்த டொரிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் மகள் லோம்பேயின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"லோம்பேப்பா! என்ன, வீட்டுக்குள்ள கத்தி தீட்டுறியா?"

"நல்லாத்தானே இருக்கு?"

"எதிர்வீட்டு நாய் ஊளையிடுது, கேக்கலையா உனக்கு?"

கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் செட்டை நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. சுரங்கத்துக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட். கதவு ஆடுகிறதா, ரப்பர் வை. கூரை ஒழுகுகிறதா, ரப்பர் போடு. கழித்துப் போட்ட பெல்ட்டை அனுமதிச்சீட்டோடு வாங்கி வந்து, விரல் தடிமனில் இருந்ததை இரண்டு பக்கச் சுவரிலும் அறைந்தேன். சத்தத்தை அடக்கும் என்று நினைத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. எண்ணெய் நாற்றம் மட்டும் புதிதாக வந்தது. டொரிகா அன்றைக்குக் கப்பெண்டா கருவாட்டுக் குழம்பை வெளியே கொண்டுபோய் மாமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கும் களியை வெளியேதான் வைத்தாள்.

"அந்த எலி ராசா செட்டையும் வேண்டாம், உன் ரப்பரும் வேண்டாம். பணத்தை வாங்கு. நம்ம சின்னப் பெட்டி போதும்" என்றாள்.

அந்தத் திரைக்குப் பின்னால் நடந்த ஆள் எனக்கு வேண்டியிருந்தாள். சனிக்கிழமை ஜெரே போய்விடுவான். எனக்கு இந்தக் குச்சிகள் தெரியாது, ஒயர் தெரியாது. அவன் போன பிறகு இது மூலையில் நிற்கும் மரப்பெட்டி. பணமாக வாங்கினால் அதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஜெரே வந்தான். வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், வீட்டுக்குள்ள லாரி செத்துக் கிடக்கா?"

"உன் செட்டுதான் செத்துக் கிடக்கு. நானூத்திப் பன்னெண்டரை. எடு."

அவன் ரப்பரைப் பிடுங்கி வெளியே போட்டான். பிறகு அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினான். தட்டியது ஒருமுறைதான். ஆனால் சுவருக்குச் சுவர் ஏதோ ஒன்று 'டிர்ர்ர்' என்று ஓடி ஓய்ந்தது. எனக்கே கேட்டது.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வெடி வைத்துப் பாறை விழுந்த பிறகு எங்களில் யாரும் நேரே உள்ளே போவதில்லை. கடப்பாரையால் தலைக்கு மேலே பாறையைத் தட்டிக்கொண்டே அடி அடியாகப் போவோம். நல்ல பாறை மணி மாதிரி கணீரென்று பேசும். விழப்போகிற பாறை டொம் என்று பேசும். அதைக் கேட்கத் தெரியாதவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். காதில் சில்வண்டு கத்தினாலும் அந்த டொம் எனக்குத் தெளிவாகக் கேட்கும், அது தாழ்ந்த சத்தம். ஒரு கேள்வியும் இல்லாமல் பாறைக்குள் நுழையாதவன், இந்த அறைக்குள் மட்டும் தட்டிப் பார்க்காமல் நுழைந்துவிட்டேன்.

"சக்கேயோ, அந்த மூலையில போய் நில்லு. உன் எந்திரம் மாதிரி அடித்தொண்டையில ஒரே சத்தம் போடு. ஏத்தாதே, இறக்காதே."

"நான் என்ன மாடா?"

"மாடுன்னா பரவாயில்லையே. போடு."

மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, 'ம்ம்ம்' என்று இழுத்தான். அவன் குரல் நல்ல கனம். நான் எதிர்ச்சுவரிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். காதை முன்னால் நீட்டி, அடி அடியாக.

சுவரோரம் சத்தம் மலைபோல் நின்றது. இரண்டு முழம் தள்ளி வந்தேன். இல்லை. ஜெரே கண்ணை மூடி அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறான், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, என் காதில் அது பாதிகூட இல்லை. இன்னும் இரண்டு முழம் போனேன். மறுபடி மலை. ஒரு அடி பின்னால் வைத்தால் இறங்குகிறது. முன்னால் வைத்தால் ஏறுகிறது. தலையை மட்டும் சாய்த்தாலே மாறுகிறது. பதினேழு வருஷம் இந்த அறையில் சாப்பிட்டேன், தூங்கினேன், பிள்ளையைக் கொஞ்சினேன். இதற்குள் இப்படி மேடும் பள்ளமும் இருந்தது தெரியாது. வெறும் காற்று. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்குகிறது, குறிப்பிட்ட இடத்தில் செத்துப்போகிறது.

"நீ வந்து நட. நான் பாடுறேன்" என்றேன்.

ஜெரே நடந்தான். இரண்டாவது பள்ளத்தில் நின்று, "அம்மாடி" என்றான். பெம்பாக்காரன் முன்னால் அவன் வாயிலிருந்து கேலி இல்லாமல் வந்த முதல் வார்த்தை.

பையில் இருந்த சாக்கட்டியை எடுத்து, சுரங்கத்தில் போடுவதுபோல் சத்தம் பெருத்த இடத்தில் பெருக்கல் குறியும் செத்த இடத்தில் வட்டமும் தரையில் போட்டுக்கொண்டே போனேன். ஏழெட்டு ஆன பிறகு, கதவில் டொரிகா நிற்பதைப் பார்த்தேன். சிவப்புத் தரை. அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள்.

"லோம்பேம்மா, நான் சொல்லல, இவன்தான்" என்று ஜெரே முந்திக்கொண்டான்.

"அழிச்சுடுறேன். நானே மெழுகு போட்டுடுறேன்" என்றேன். "இந்த வீட்டுக்குள்ள சத்தம் அடங்க மாட்டேங்குது. அவன் வீட்டுல அடங்குது. அளவு ஒண்ணுதான். ஏன்னு தெரியல."

அவள் இடுப்பில் கை வைத்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவளும் ஒருமுறை கைதட்டிப் பார்த்தாள். 'டிர்ர்ர்.'

"இது சனிக்கிழமைக் கோயில்" என்றாள்.

"என்னது?"

"சனிக்கிழமை ஒத்திகையில கோயில் காலியா இருக்கும். நாங்க ஒரு வரி பாடினா மூணு வரி திரும்பி வந்து மேல விழும். ஞாயித்துக்கிழமை ஜனங்க வந்து உக்காந்துட்டா அடங்கிடும். அவங்க உடம்பும் துணியும் குடிச்சிடும்னு ஃபாதர் சொல்லுவார்." ஜெரே பக்கம் கையைக் காட்டினாள். "இவரு வீடு ஞாயித்துக்கிழமை. மூட்டையும் முடிச்சும். என் வீடு காலி."

அதை அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. சுத்தத்துக்குப் பெயர் வாங்கிய வீடு. ஆனால் அவளே உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு கம்பளி, பெண் லோம்பேயின் கல்யாணத்துக்கு வந்த ஒரு கட்டுச் சித்தெங்கே துணி, பழைய மெத்தை எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டாள். "ஒரு நாளைக்குத்தான்" என்றாள்.

மெத்தையைச் சுருட்டி, சத்தம் அதிகமாகத் தங்கிய மூலையில் நிறுத்தினோம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இழுத்துச் சுவரைவிட்டு இரண்டு அடி முன்னால் வைத்தோம். நாற்காலியை மேட்டிலும் இல்லாமல் பள்ளத்திலும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தில் போட்டேன். கம்பளியைப் பக்கச் சுவரில் எங்கே மாட்டுவது என்பதில்தான் சண்டை. ஜெரே ஒரு இடம் சொன்னான், நான் ஒரு இடம் சொன்னேன். டொரிகா உள்ளேயிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தாள்.

"என்ன, பவுடர் போடப் போறியா?" என்றான் ஜெரே.

"உன் மூஞ்சியைக் காட்டத்தான். வெளிச்சம் எங்க பட்டுத் திரும்புதோ அங்கதானே சத்தமும் திரும்பும்? லோம்பேப்பா, நீ நாற்காலியில உக்காரு."

கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்தினாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடிக்குள் தெரிந்தது. "அங்கதான்" என்றேன். அங்கே ஆணி அடித்துக் கம்பளி. எதிர்ச்சுவரிலும் அப்படியே. தரையில் துணிகளை நாலாக மடித்து விரித்தோம். ஜெரே மறுபடி கைதட்டினான். ஒரு தட்டு. அவ்வளவுதான். அது தட்டிய இடத்திலேயே இறந்து போயிற்று. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அறை திடீரென்று எங்களைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

மிச்சம் குச்சிகள். நான் உச்சியில் வைத்திருந்த நாலையும் பார்த்து ஜெரே தலையில் அடித்துக்கொண்டான். "இப்படியா வைப்பாங்க? எல்லாத்தையும் நடுவுக்கு இழு. அப்புறம் எது துருத்திக்கிட்டு நிக்குதோ அதை மட்டும் இறக்கணும். ஏத்தக் கூடாது. அந்த எஞ்சினியர் படிச்சுப் படிச்சுச் சொன்னார்."

எல்லாம் நடுவுக்கு வந்தது, இசைத்தட்டு மறுபடி சுற்றியது. டொரிகா தலையாட்டினாள், காது வலிக்கவில்லை என்று. எனக்கு ஈரத்துணி போட்டு மூடியதுபோல் இருந்தது.

"ஒண்ணும் கேக்கல. மேல ஏத்து."

"இதுக்கு மேல ஏத்தினா நாய் ஓடிடும்" என்றான் ஜெரே. "லோம்பேம்மாவுக்கு நல்லா இருக்கு, எனக்கு நல்லா இருக்கு. உனக்கு மட்டும் என்ன?"

அப்போது சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்வதுபோல் அவளிடம் சொன்னேன். "என் காதுல மேல் சத்தம் எதுவும் ஏறாது. மிஷின் தின்னுடுச்சு. நாய் ஊளையிட்டதும் கேக்கல. இந்தத் தட்டுல நீ பாடுறதையும் நான் கேட்டதில்ல. ஒரு தடவைகூட."

அறையில் சத்தம் அடங்க வேண்டும் என்று நாலு நாளாகப் பாடுபட்டோம். அப்போது அடங்கியது.

"ஒன்பது வருஷமா கேட்டுது கேட்டுதுன்னு சொன்னியே?" என்றாள்.

"சொன்னேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. சட்டென்று எழுந்து தட்டைக் கையில் எடுத்தாள். "அப்ப விடு. வேண்டாம். கேக்காதது கேக்காததாவே இருக்கட்டும். அவருக்கு செட்டைக் குடுத்துட்டுப் பணத்தை வாங்கிக்க."

"லோம்பேம்மா, ஒரே ஒரு தடவை" என்றேன்.

"எதுக்கு? முப்பது பேரு பாடுறாங்க. அதுல நான் என்ன."

"அதுக்குத்தான் நான் பணத்தைத் திருப்பி வாங்காம செட்டை வாங்கினேன்" என்றேன்.

அவள் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிறகு ஜெரேயிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆண்களின் ரீங்காரம் வந்ததும் ஜெரே ஊசியை எடுத்து மறுபடி மறுபடி அதே இடத்தில் வைத்தான். நான் குனிந்து குச்சிகளின் கீழே இருந்த எண்களைப் பார்த்தேன். 31, 62, 125, 250. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரு மடங்கு. பாறையைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் கீழே இழுத்துப் பார்த்து, பழையபடி வைத்தேன். 125-ஐ இழுத்தபோது நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நகர்ந்தான். "அதான். அந்தப் பாறைதான் லூசு" என்றேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். 62-ஐயும் ஒரு விரல் இறக்கினேன். மற்ற எட்டும் நடுவிலேயே நின்றன.

"திரும்பப் போடு. முதல்ல இருந்து."

போய் உட்கார்ந்தேன்.

ரீங்காரம் வந்தது. இப்போது அது புகை இல்லை. ஆண்கள். இடது பக்கம் ஐந்தாறு பேர், வலது பக்கம் இன்னும் சிலர், ஒருவனுக்குச் சளி பிடித்திருந்தது. பிறகு ஒரு மூச்சு. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அதற்குப் பிறகு அவள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சுவரும் காலண்டரும்தான். குரல் அங்கேயிருந்து வந்தது. காலண்டருக்கு முன்னால், டொரிகா நின்றால் அவள் வாய் எங்கே இருக்குமோ சரியாக அந்த உயரத்தில். தாழ்ந்த குரல், கொஞ்சம் கரகரப்பு, ஒவ்வொரு வார்த்தையின் ஓரமும் தெரிந்தது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் இளையவளாக. கையை நீட்டினால் தட்டுப்படுவாள் என்று தோன்றியது. உண்மையிலேயே கொஞ்சம் நீட்டினேன்.

மிஷின் மேல் சத்தத்தைத்தான் தின்றிருந்தது. அவள் குரல் அங்கே இல்லை. அது கீழே, எனக்கு மிச்சம் வைத்த பங்கிலேயே முழுசாக இருந்தது. என் காது அவளைத் தொலைக்கவில்லை. இந்த அறைதான் அவள் மேல் உட்கார்ந்திருந்தது.

நாலு வரியும் முடிந்து முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஜெரே தரையில் துணிமேல் சம்மணம் போட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். ஊசியை எடுக்க மறந்துவிட்டான்.

"கேட்டுதா?" என்றாள் டொரிகா.

"கேட்டுது" என்றேன். "மூணாவது வரியில 'ஆண்டவரே, உம் வீட்டுக் கதவைத் திறந்து வையும்'னுதானே வரும்? கோயில்ல எல்லாரும் அப்படித்தானே பாடுவாங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ 'சாத்தி வையும்'னு பாடியிருக்கே."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினேன். சிரிப்பு.

"மைக்கைப் பார்த்ததும் கை கால் எல்லாம் ஆடிடுச்சு. பதிவு பண்ற ஆளு மறுபடி பாட விடல. ஊர் பூரா அச்சடிச்சு வந்துடுச்சு. ரீங்காரத்துல அமுங்கிப் போச்சு, யாருக்கும் தெரியாதுன்னு கோயில்ல விட்டுட்டாங்க. நீ கண்டுபிடிச்சுடுவேன்னு ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சியைப் பார்ப்பேன். கேட்டுதான்னா கேட்டுதும்பே. மனசு நோகக் கூடாதுன்னு சொல்லாம இருக்கான், நல்ல மனுஷன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்!"

"அவனா? செவிடு" என்றான் ஜெரே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணிமேலேயே சாய்ந்துவிட்டான். "பெம்பாக்காரன் வீட்டுப் புத்தி பார்த்தியா! சாமி வீட்டுக் கதவையே சாத்தச் சொல்லியிருக்காங்க!"

"எலி உள்ள வந்துடும்னுதான்" என்றாள் டொரிகா.

அன்றைக்கு அந்தத் தட்டை ஆறு தடவை போட்டோம். நான் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் வந்து காலண்டருக்கு முன்னால் நின்றாள். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தச் சொன்னாள். எனக்கு அலுக்கவில்லை. கம்பளியை எடுக்கலாமா என்று கேட்டதற்கு டொரிகா, "இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்றாள். அது இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஜெரே கேட்டான். "மச்சான், என் கணக்கு?"

சீட்டுக் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து வந்தேன். மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்ட வருஷம் நான் என் கையால் எழுதிய பெரிய எண் அதுதான், 412.50. அதற்குக் கீழே, 'சக்கேயோ ஜெரே முழுவதும் கொடுத்துவிட்டான்' என்று எழுதிக் கோடு இழுத்தேன். அவன் வாங்கிப் படித்தான்.

"என் பேருல ஒரு எழுத்தைக் காணோமே."

"அதை சிப்பாட்டா தபாலாபீசுக்கு அனுப்பிவைக்கிறேன். மூணு மாசம் ஆகும்."

அவன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, விட்டுப்போன எழுத்தைத் தானே போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.